காத்திருக்காத சனிக்கிழமை

அன்புமணி ஆறாவது முறையாக அந்த ஜன்னலுக்கு வந்து நின்றபோது, இன்றைக்கு நிச்சயம் சண்டைதான் என்று எல்சி நினைத்தாள். மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை வழங்கும் அலுவலகத்தில் அவள் பதினோரு வருடமாக இளநிலை உதவியாளர். யார் எத்தனையாவது தடவையில் கத்துவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. மூன்றாவது தடவையில் குரல் ஏறும். நான்காவதில் யாராவது ஒரு கட்சிக்காரர் பெயர் வரும். ஐந்தாவதில் அழுகை. ஆறாவது முறை வருகிறவர்கள் குறைவு. அதற்குள் பாதிப் பேர் அட்டையே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்புமணி கத்தவில்லை. ஊன்றுகோல்கள் இரண்டையும் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். சர்க்கரை நோயில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன்பு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். டிரெய்லர் இரைச்சலுக்கு மேலே இருபது வருடம் கத்திப் பழகியதால், அவர் ரகசியம் பேசினாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இன்னா மேடம், இன்னிக்கு இன்னா இல்ல?" என்றார்.

எல்சி தாள்களைப் புரட்டினாள். டாக்டர் கையெழுத்து இருந்தது. போட்டோ இருந்தது. முத்திரையும் இருந்தது. ஆனால் முத்திரை பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழ வேண்டும். இவருக்கு மொத்தமும் தாளிலேயே விழுந்திருந்தது.

"சீல் போட்டோ மேல படணும் சார். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்..."

"புதங்கெழம."

"ஆமா. எலும்பு டாக்டர் புதன்கிழமைதான் பாப்பாரு."

"போன தபா வந்தப்பவே இத்தப் பாத்துச் சொல்லியிருக்கலாமே?"

"போன தடவை ஆதார்ல விலாசம் தப்பா இருந்தது. அதோட நிறுத்தி அனுப்பிட்டோம்."

"அதாவது, ஒரு தபாக்கு ஒரு தப்புதான் கண்டுபுடிப்பீங்க."

அதில் கிண்டல் இருந்தது. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எல்சிக்குச் சுலபம். கோபத்துக்குச் சொல்ல அவளிடம் பதினோரு வருடத்துப் பதில்கள் இருந்தன.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எட்த்துக்காதீங்க," என்றார் அன்புமணி. "வர்ற புதங்கெழம என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்களேன். நீங்க ஒண்ணும் பண்ண வாணாம். சும்மா கூட வந்து பாருங்க. அவ்ளோதான்."

எல்சி சிரித்து மழுப்பி அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஆனால் அன்று மாலை ராயபுரம் கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் தாள்களை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அந்தத் தாள் எங்கே, எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமையே, மறுநாளுக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டாள்.

புதன்கிழமை அவள் ஏழரைக்குப் போனபோது அன்புமணி ஏற்கெனவே அங்கே இருந்தார். ஆறு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியதாகச் சொன்னார். அவர் கையில் இருந்த டோக்கன் முப்பத்தைந்து. உட்காரப் பெஞ்சு இருபது பேருக்குத்தான். மற்றவர்கள், கால் இல்லாதவர்களும் இடுப்பு உடைந்தவர்களும், சுவரோரம் நின்றிருந்தார்கள்.  நின்று பழகியிருந்தார்கள்.

எலும்பு மருத்துவர் ஞானத்தின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. எல்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவர் உள்ளே போனால் டாக்டர் அவர் காலையோ கையையோ மடக்கிப் பார்ப்பது இரண்டு நிமிடம். பிறகு குனிந்து எழுத ஆரம்பிப்பார். பெயர், தகப்பன் பெயர், விலாசம், ஆதார் எண், அங்க அடையாளம். முடிந்ததும் அதையே இன்னொரு படிவத்தில் மறுபடி எழுதுவார். அதற்கு ஒன்பது நிமிடம். எல்சி தன் டைரியின் கடைசிப் பக்கத்தில் 'பார்ப்பது 2, எழுதுவது 9' என்று குறித்தாள். நாலைந்து பேருக்குப் பார்த்தாள். பெரிய மாற்றம் இல்லை.

பத்து மணி வாக்கில் மாடிப்படியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். இடுப்பில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை. கால்கள் விறைத்து நீண்டு தரையைத் தொட்டுவிடும் போல இருந்தன. தலை தாயின் தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. அன்புமணி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். அவள் பிள்ளையோடு பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவள் பெயர் அம்மு. எர்ணாவூர்க் குடியிருப்பில் வீடு. அப்பார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை. மகள் பெயர் மதி.

"ரெண்டு மாடி தூக்கினு போனேங்க்கா. குயந்தைங்கள பாக்குற நரம்பு டாக்டரு வெள்ளிக்கெழமதான் வருவாராம். எனக்கு புதங்கெழமன்னு எய்திக் குட்த்தாங்கோ," என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள்.

எல்சி அதை வாங்கிப் பார்த்தாள். பச்சை மையில், 'புதன் காலை 9 மணி, இரண்டாம் மாடி' என்று இருந்தது. எழுத்து அவளுடையது. எல்லோருக்கும் எழுதுகிற பழக்கத்தில் கை தானாகப் புதன் என்று எழுதியிருக்கிறது. அம்முவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அந்த ஜன்னலின் உயரத்துக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு உள்ளே இருக்கிறவரின் கை மட்டும்தான் தெரியும்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். எல்சியால் முடியவில்லை.

"அது நான் எழுதினதும்மா. தப்பா எழுதிட்டேன்."

அம்மு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எல்சி என்ன வேண்டுமானாலும் வரட்டும் என்று நின்றாள்.

"சர்தான் வுடு," என்றாள் அம்மு கடைசியில். "குயந்தய கொஞ்சம் புடி. காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. குட்ச்சிட்டு வர்றேன்."

மதியை மடியில் வாங்கியபோதுதான் அந்தக் கனம் தெரிந்தது. பத்து நிமிடத்தில் எல்சிக்குத் தொடை மரத்துப்போனது. மதி அவள் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு, விடாமல், வெகு சிரத்தையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்புமணிக்கு இரண்டரை மணிக்கு முத்திரை சரியாக விழுந்தது. வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு அவர் யார்டைப் பற்றிச் சொன்னார்.

"டெய்லி முன்னூறு வண்டி வரும். எல்லாத்தியும் உள்ள வுட்டுட்டு, அப்பால பேப்பரு இல்ல ரிவர்ஸ் எடுன்னு சொன்னோம்னு வையி, எண்ணூர் வரிக்கும் லைன் நிக்கும். அதனால முந்தின நாளே ஃபோன்ல கேட்டுடுவோம். எல்லாப் பேப்பரும் கீதா? அப்ப நீ பத்து மணிக்கு வா. இல்லியா? வராத, மொதல்ல பேப்பர ரெடி பண்ணு. கேட்டுக்குள்ள வந்துட்டா வண்டி நிக்கவே கூடாது."

"அது கண்டெய்னர் அண்ணே. இது மனுசங்க," என்றாள் எல்சி. ராயபுரத்துப் பேச்சு அவளுக்கும் தானாக வந்துவிட்டிருந்தது.

"அதாம்மா சொல்றேன். பொட்டிக்குக் குடுக்குற மரியாதிய எங்களுக்கும் குடுங்களேன்."

மறுநாள் எல்சி அதிகாரி ஷாகுல் ஹமீதின் அறைக்குப் போனாள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. மேஜையில் கோப்பு குறைந்து ஒரு நாளும் பார்த்திராத களைப்பு மட்டும் அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். எல்சி சொல்ல வந்ததை முழுவதும் கேட்டார்.

"வருஷா வருஷம் முகாம் போட்டுக்கிட்டுதானே இருக்கோம் எல்சி?"

"அது முகாம் இல்ல சார், திருவிழா. ஆயிரம் பேரைக் கூப்பிடறோம். முந்நூறு பேருக்கு முடியுது. மத்தவங்க பந்தல்ல நின்னுட்டு, சாம்பார் சாதத்தை வாங்கிட்டுப் போயிடறாங்க."

சொன்ன பிறகுதான், இப்படி அவரிடம் தான் பேசியதே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. ஷாகுல் ஹமீது கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எல்சி டைரியைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள்.

"டாக்டர் பாக்கறது ரெண்டு நிமிஷம் சார், எழுதறது ஒன்பது. எழுதறதையெல்லாம் நாமளே முன்கூட்டி அச்சடிச்சுக் கொடுத்துட்டா அவர் பாத்துட்டுக் கையெழுத்து போட்டாப் போதும். பேப்பர்ல என்ன குறையோ அதை ஃபோன்ல முன்னாடியே கேட்டுச் சரி பண்ணிடலாம். எல்லா டாக்டரும் ஒரே கூடத்துல. ஆளாளுக்கு ஒரு நேரம்."

"எத்தனை பேர்?"

"காத்திவாக்கம், எண்ணூர், எர்ணாவூர். இந்தப் பக்கம் மட்டும் நூத்திப் பன்னெண்டு மனு நிக்குது. ஆறு வாரம் கொடுங்க."

"அஞ்சு. ஆறாவது வாரம் தணிக்கைக்கு வராங்க." அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி, நூத்திப் பன்னெண்டு பேருக்கும் ஃபோன் பண்ணப் போறது யாரு? என்கிட்ட ஆள் இல்ல."

"ஆள் இருக்கார் சார்," என்றாள் எல்சி.

அன்புமணிக்குத் தன்னார்வலர் என்று ஒரு கடிதம் தயாரானது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், எல்சிக்கு அருகில், அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். முதல் நாளே அலுவலகம் முழுவதும் அவர் குரல்தான். "அலோ, காத்திவாக்கம் நாகம்மாவா? கவுருமெண்ட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பயப்படாத! கெட்ட சமாச்சாரம் இல்ல. ஆதார் கார்டு எட்த்துக்கினு ஃபோனாண்ட வா. உன் பேரு அதுல எப்டி போட்டுகீது? எய்த்து எய்த்தா படி."

அந்தப் பட்டியலில் ஜஸீமா என்று ஒரு பெயர். அன்புமணி ஐந்து தடவை கூப்பிட்டார், ஐந்து தடவையும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. ஆறாவது தடவை கூப்பிடுவதற்குள் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'எனக்குக் காது கேட்காது. அதற்குத்தான் மனுவே கொடுத்திருக்கிறேன். தயவுசெய்து எழுதுங்கள்.'

அன்புமணி ஃபோனை எல்சியிடம் காட்டினார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் அதிகாரியே வெளியே வந்து எட்டிப் பார்த்தார். ஜஸீமாவுக்கு இருபத்தாறு வயது, எண்ணூரில் துணிக்கடை ஒன்றில் வேலை. அவள் அடுத்த நாளே இன்னொரு செய்தி அனுப்பினாள். கூடத்தில் பெயரைக் கத்திக் கூப்பிட்டால் தன்னைப் போன்றவர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். எண்ணைப் பெரிய பலகையில் எழுதிப் பிடிக்க வேண்டும். அந்த வேலையைத் தானே செய்கிறேன் என்று. காது கேளாத மற்ற பதினான்கு பேருக்கும் செய்தி அனுப்புவதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் முழு நிலவரமும் தெரிந்தது. எழுபத்தோரு பேருக்கு ஏதோ ஒரு தாளில் குறை. இவர்கள் எழுபத்தோரு பேரும் நேரில் வந்திருந்தால் எழுபத்தோரு பேரும் திரும்பிப் போயிருப்பார்கள். காத்திவாக்கத்தில் மீனவர்கள் வலை பின்னும் கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாலை, இ-சேவை மையத்துக்காரர் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்து விலாசங்களையும் பெயர்களையும் திருத்திக் கொடுத்தார்.

நாலு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்புமணி ஷேர் ஆட்டோ பிடித்துத் தெருத்தெருவாகப் போய் விசாரித்துவிட்டு வந்தார். வந்து பட்டியலை எல்சியின் முன்னால் வைத்தார்.

"அந்த நாலு பேரும் செத்துப் பூட்டாங்கம்மா," என்றார். "ஒருத்தர் மனு குட்த்து மூணு வருசமாச்சாம்."

எல்சி அளவுகோலை எடுத்து நான்கு பெயர்கள் மேலும் கோடு போட்டாள். மெதுவாக, கோணாமல் போட்டாள். நூற்றெட்டு பேர் மீதி.

டாக்டர் ஞானத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ, அச்சடித்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நான் எழுத வேண்டியது சதவீதமும் கையெழுத்தும் மட்டும்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "அப்ப நான் டாக்டர் வேலை பாக்கலாம்," என்றார். குழந்தைகளின் நரம்பு மருத்துவர் சாண்ட்ராவையும், காது மருத்துவரையும், கண் மருத்துவரையும் அவரே பேசி அழைத்து வருவதாகச் சொன்னார்.

கூடம், காத்திவாக்கம் மீனவர்களின் சமூகக் கூடம். வாசலில் மூன்று படி. ஊர்க்காரர்கள் ஒரே நாளில் சிமெண்டில் சரிவுப்பாதை போட்டார்கள். அன்புமணி ஊன்றுகோலோடு ஏறிப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே நின்றார். "நைனா, இதுல ஏறுனா கூடத்துக்குப் போவ மாட்டேன், நேரா மேலதான் போவேன்," என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே அதை உடைத்துவிட்டு, இரண்டு மடங்கு நீளத்தில் மறுபடி போட்டார்கள்.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு எல்லாம் தயாராக இருந்தது. நான்கு மேஜைகள், தடுப்புத் துணிகள், பிரிண்டர். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன பதினான்கு பேரும் வந்துவிட்டார்கள். டாக்டர்கள் வரவில்லை.

எட்டு ஐம்பதுக்கு டாக்டர் ஞானம் ஃபோன் செய்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லர் அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறது, முன்னால் லாரி, பின்னால் லாரி, ஒரு கண்டெய்னர் யார்டு கேட்டுக்கு எதிரே வேன் அசையவில்லை, போலீஸ்காரர் இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறார்.

எல்சி பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அரை மணிக்குப் பதினான்கு பேர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பதினொரு மணிக்குள் ஐம்பது, அறுபது பேர் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அதே பழைய கதை.

"அண்ணே, என்ன பண்றது?"

அன்புமணிக்கு முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. இருபது வருடமாக அந்தச் சாலையில் வண்டி நிற்பதைப் பார்த்தவர். "வந்தவங்க உக்காரட்டும், டீ குடு. இன்னும் கெளம்பாதவங்கள கெளம்ப வுடாத. அவ்ளோதான்," என்றார். "வண்டி ரோட்ல நின்னாதான் பேஜாரு. வூட்ல நின்னா இன்னா?"

பட்டியலை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்சி ஒரு பகுதி, அன்புமணி ஒரு பகுதி. காது கேளாதவர்களுக்கு ஜஸீமா இரண்டு கட்டைவிரல்களாலும் செய்தி தட்டினாள். 'உங்கள் நேரம் ஒரு மணி நேரம் தள்ளி. வீட்டிலேயே இருங்கள். கிளம்ப வேண்டிய நேரத்தில் சொல்கிறோம்.' இருபத்தைந்து நிமிடத்தில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஐந்து பேர் மட்டும் வழியில் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அன்புமணி இன்னொரு எண்ணைத் தட்டினார். எதிர்முனையில் தப்ரேஸ், அவருடைய பழைய யார்டின் கேட்டில் வேலை பார்க்கும் தோஸ்து.

"டேய் தப்ரேஸ், ஒரு வெள்ள வேன் நம்ம கேட்டாண்டதான் மாட்டிக்கினு கீது. உள்ள எல்லாம் டாக்டருங்க. யார்டுக்குள்ளாற வுட்டு பின் கேட்டு வழியா அனுப்பு. மேனேஜராண்ட நான் பேசிக்கறேன்... இன்னாது? நான் இப்ப அங்க வேலைல இல்லியா? அதெல்லாம் அவுரு மறந்திருப்பாரு, நீ கேளு."

மேனேஜர் மறக்கவில்லை. ஆனால் அனுமதி கொடுத்தார். அடுக்கி வைத்த கண்டெய்னர்களுக்கு நடுவே புகுந்து, பின் கேட்டு வழியாக வெளியேறி, வேன் பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் காத்திவாக்கம் வந்து சேர்ந்தது. பத்து பத்துக்கு ஜஸீமா பலகையில் 'ஒன்று' என்று எழுதித் தலைக்கு மேல் பிடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எல்சி வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்பட்ட காலை வேறு இல்லை. ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எண் வந்ததும் எழுந்து போனார்கள். டாக்டர்கள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். கண் தெரியாத ஒரு பெரியவர், டாக்டர் தன்னிடம் ஊர் விசேஷம் கேட்டதாக வெளியே வந்து எல்லோரிடமும் சொன்னார். நடுவில் பிரிண்டர் ஒரு தாளை மென்று தின்றது. அதைக்கூட ஒருவர் திட்டவில்லை.

அம்முவை முதலில் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஃபோன் போனபோது அவள் மதியைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டிருந்தாள். இறக்கி வைத்து, தலைக்குக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பொட்டு வைத்து, மறு அழைப்பு வந்த பிறகு ஆட்டோவில் ஏறினாள். பன்னிரண்டுக்குக் கூடத்தில் இருந்தாள். டாக்டர் சாண்ட்ரா மதியைப் பாயில் படுக்க வைத்துப் பார்த்தாள். என்ன பயிற்சி கொடுக்க வேண்டும், கழுத்து நிற்க எந்த மாதிரி நாற்காலி கேட்டு வாங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். கையெழுத்து, முத்திரை. பக்கத்து மேஜையில் கணினியில் ஏற்றினார்கள். இருபத்தைந்து நிமிடம்.

அம்மு மகளோடு எல்சியிடம் வந்தாள்.

"அப்பால எங்க போவணும்க்கா?"

"எங்கயும் போவ வாணாம். முடிஞ்சிடுச்சு. கார்டு தபால்ல வூட்டுக்கே வரும்."

"இல்ல, வேற எந்த ஆபீஸ்னா..."

"எந்த ஆபீஸும் இல்லம்மா."

அம்மு நம்பாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாராவது கூப்பிட்டு ஒரு சீட்டு நீட்டுவார்கள் என்று எதிர்பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்தாள். பத்து நிமிடம் அப்படியே இருந்தாள்.

"நாள் முய்க்க ஆவும்னு வேலைக்கு லீவு சொல்லிட்டேனே," என்றாள். "இப்ப இன்னா பண்றது?"

 அம்முவே யோசித்தாள். பிறகு மதியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "கடலு பாக்கலாமாடி?" என்று கேட்டாள். மதிக்கு என்ன புரிந்ததோ, வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பினாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் சரிவுப்பாதையில் இறங்கி முகத்துவாரத்துப் பக்கம் நடப்பதை எல்சி வாசலில் நின்று பார்த்தாள். அங்கே கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. அம்மு அவசரம் இல்லாமல் நடந்தாள். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று மகளுக்கு எதையோ காட்டினாள்.

அன்புமணி தன் பெயரைப் பட்டியலில் கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். முத்திரை கிடைத்தும், புதுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கணினியில் ஏற்றும் வேலை அவருக்குப் பாக்கி இருந்தது. ஒன்றே முக்காலுக்கு டாக்டர் ஞானம் அவரை உட்கார வைத்து, வெட்டிய காலின் முனையை அழுத்திப் பார்த்தார். "புண்ணு நல்லா ஆறியிருக்கு. தோல் கெட்டியாயிடுச்சு. செயற்கைக் காலுக்கு அளவு எடுத்துடலாமே, ஏன் இன்னும் எடுக்கலை?" என்றார்.

"அதுக்கு மொதல்ல கார்டு வேணும்னாங்க சார்."

டாக்டர் குனிந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அன்புமணி எழுந்து ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டார். வாய் ஓயாத மனிதர், கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். எல்சி அந்தப் பக்கம் போகவில்லை.

இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. நூற்றெட்டு பேரில் நூற்று நாலு பேருக்கு வேலை முடிந்தது. மூன்று பேருக்கு இன்னொரு பரிசோதனை வேண்டும் என்று தேதியோடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். மீதி ஒருவர், கழிமுகத்தில் இறால் நன்றாகப் படுகிறது, அடுத்த தடவை வருகிறேன் என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டேகாலுக்கு ஷாகுல் ஹமீது வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரர். மற்ற முகாம்களுக்குப் போவது போல, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழையத் தயாராக வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஜஸீமா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எல்சி," என்றார் குரல் இறங்கி, "யாரும் வரலையா?"

"வந்தாங்க சார். வேலை முடிஞ்சு போயிட்டாங்க."

"எல்லாருமா?"

எல்சி பட்டியலை நீட்டினாள். அவர் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கோடு போட்ட நான்கு பெயர்களில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. 

"நான் எதைப் படம் எடுக்கறது சார்?" என்றார் புகைப்படக்காரர். "ஜனமே இல்லையே?"

"இதைத்தான் எடுக்கணும்," என்றார் ஷாகுல் ஹமீது.

அப்படியே எடுத்தார்கள். நாலு டாக்டர்கள், எல்சி, அன்புமணி, ஜஸீமா, பின்னால் அறுபது காலி நாற்காலிகள். அந்தப் படத்தை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஷாகுல் ஹமீது அதைத் தன் அறையில் மாட்டினார். அடுத்த முகாம் ராயபுரத்தில், அதற்கடுத்தது வியாசர்பாடியில் என்று அவர் உத்தரவு போட்டது பிறகு நடந்த கதை. அட்டைகள் அடுத்த மாதம் வீடு வீடாகத் தபாலில் போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான்.

அன்று சனிக்கிழமை மதியம், ஊர்ப் பெண்கள் பெரிய பாத்திரத்தில் சோறும் கொடுவா மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்கள். டாக்டர் ஞானம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஜஸீமா எல்லோருக்கும் தட்டு வைத்தாள். எல்சிக்கு அப்போதுதான் காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. ஒரு துண்டு மீனை வாயில் போட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல். புளியும் காரமும் அளவாக இருந்தன.

"நல்லாகீதா?" என்று கேட்டாள் பரிமாறிய பெண்.

"இன்னொரு கரண்டி ஊத்து," என்றாள் எல்சி.